நோய்க் காலத்தில் ஏமாறாதிருப்போம்



ஊரில் ஒரு நோய் பரவினால் அதன் பின்னாலேயே ஏமாற்றுக்காரனும் வந்துவிடுவான். பயந்த மனுசன் யோசிக்க மாட்டான், கேட்ட காசைக் கொடுத்துவிடுவான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கொரோனா காலத்தில் நாம் கண்டதை வைத்து இந்தப் பாடத்தைப் படிப்போம்.

1. அற்புத மருந்து

2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் ஹெட்டிமுல்லையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்து ஒரு பாணி காய்ச்சினார். அதைக் குடித்தால் கொரோனா அண்டாது என்றார். ஆயிரக்கணக்கான சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் கொரோனா வந்தது. இதில் நட்டம் காசு மட்டுமல்ல. "மருந்து குடிச்சாச்சு, இனி பயமில்ல" என்று காய்ச்சலோடு லயத்திலேயே படுத்துக் கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

2. நிவாரணக் காசு

2020 ஏப்ரலில் அரசாங்கம் குடும்பங்களுக்கு 5,000 ரூபா நிவாரணம் கொடுத்தது. இப்படியான நேரத்தில்தான் போன் வரும். "அம்மா, ஒங்க பேருக்கு நிவாரணம் விழுந்திருக்கு. இப்ப ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்க" என்பான். அந்த நம்பர்தான் உங்கள் வங்கிக் கணக்கின் சாவி. சொல்லிவிட்டால், மழையில் நனைந்து கொழுந்தெடுத்த சம்பளம் ஒரு நிமிசத்தில் போய்விடும். வங்கிக்காரரோ கிராம உத்தியோகத்தரோ அந்த நம்பரை ஒருநாளும் கேட்க மாட்டார்கள்.

3. ஊசிக்குக் காசு

2021இல் அரசாங்கம் கொரோனா தடுப்பூசியை இலவசமாகவே போட்டது. 1990 அம்புலன்சுக்கும் காசு இல்லை. ஆகவே "பேர் பதியணும், ஐந்நூறு தாங்க" என்று வாசலுக்கு வருகிறவனிடம் காசும் கொடுக்காதீர்கள், அடையாள அட்டையும் கொடுக்காதீர்கள்.

காசு கொடுக்க முன் மூன்று கேள்வி

அ. இவர் யார்? தோட்ட ஆஸ்பத்திரியில் அல்லது குடும்பநல மாதுவிடம் கேட்டால் இவரைத் தெரியுமா?

ஆ. ஏன் இவ்வளவு அவசரம்? "இன்னைக்கே, இப்பவே" என்றால் சந்தேகப்படுங்கள்.

இ. "வேற யாருக்கும் சொல்லாதீங்க" என்கிறாரா? அப்படியானால் உடனே நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பிறகு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். வந்த போன் நம்பரையும் செய்தியையும் அழிக்காதீர்கள். பக்கத்து லயத்துக்கும் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அவன் அடுத்த வாசலைத் தட்டுவான்.

வீட்டுப் பயிற்சி

இன்று இரவு சாப்பிட்டபின் பிள்ளை ஒன்று ஏமாற்றுக்காரனாக நடிக்கட்டும், பாட்டி பதில் சொல்லட்டும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் போன் எடுக்கும்போது அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சிரித்துப் பேசிப் பழகினது, பயம் வரும் நேரத்தில் கைகொடுக்கும்.