மதிப்பெண்ணுக்கு முன் ஒரு கேள்வி



பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது என்ன? பெரும்பாலும், "டெஸ்டில் எத்தனை மார்க்?" என்பதுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டியதைப் பற்றி இம்முறை சிந்திப்போம்.

துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம், தெற்கு ஆஸ்திரேலியக் கல்வித் துறையுடன் சேர்ந்து 2017-ல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. கேள்விகள் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ அல்ல, மாணவர்களுக்கே. நன்றாகத் தூங்குகிறாயா? காலையில் சாப்பிடுகிறாயா? நண்பர்கள் உண்டா? கவலை உண்டா? உன்மீது அக்கறையுள்ள பெரியவர் பள்ளியில் இருக்கிறாரா? மனநலத்தின் வேர்கள் இவைதாம்.

ஊரில் என்றால் அப்பா கோபித்தால் பாட்டி மடி உண்டு. அத்தை வீடு உண்டு. இங்கே நான்கு சுவர்களுக்குள் நாம் மட்டுமே. நெருங்கிய தோழன், அவன் தந்தையின் வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறான். "உனக்காகத்தானே இந்தப் பாலைவனத்தில் கஷ்டப்படுகிறோம்" என்று நாம் சொல்லும்போது, பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது.

கீதையின் முதல் அத்தியாயத்திற்கே அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். கை நடுங்கி, வில் நழுவி அவன் புலம்பி முடிக்கும்வரை கண்ணன் குறுக்கிடவில்லை. உபதேசம் பிறகுதான் வருகிறது. நாமோ பிள்ளை வாய் திறந்ததுமே உபதேசத்தைத் தொடங்கிவிடுகிறோம்!

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில: தூக்கமும் பசியும் மாறுதல், விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குதல், பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி, காரணமில்லாத எரிச்சல். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். "வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் திறக்கவே அது வழி செய்யும்.

"விஷயம் வெளியே தெரிந்தால்?" என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அமீரகத்தில் 2023-ல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகளில் பலர் எழுதும் சி.பி.எஸ்.இ. தேர்வுகளுக்கும், அந்த வாரியம் 1998 முதல் இலவசத் தொலைபேசி ஆலோசனை அளித்து வருகிறது. கேட்டுப் பெறுவதில் வெட்கம் இல்லை.

இந்த வாரப் பயிற்சி: தினமும் பத்து நிமிடம் டி.வி.யையும் போனையும் அணைத்துவிட்டு, "இன்று உனக்கு எது சந்தோஷம்? எது கஷ்டம்?" என்று கேளுங்கள். பதிலுக்கு அறிவுரை வேண்டாம்; கேட்டுக்கொண்டால் போதும். முதல் இரண்டு நாள் "ஒன்றுமில்லை" என்றே பதில் வரும். மூன்றாம் நாளும் கேளுங்கள். மார்க் பற்றிய கேள்வி அதன்பின் வரட்டும்.