பக்கவாத மதிப்பீடும் நோயாளியின் தாய்மொழியும்

மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு நேர்ந்து பக்கவாதம் தோன்றினால், இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். அதற்குமுன் நோயின் கடுமையை அளந்தறிய உலகெங்கும் பயன்படுவது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் பெயரால் வழங்கும் அளவுகோலாகும். 1989-ல் வெளியான இதில் 11 பகுதிகள் உள்ளன; புள்ளிகள் 0 முதல் 42 வரை. புள்ளி மிகுந்தால் நோய் கடியது.

இவற்றுள் 7 புள்ளிகள் மொழியை நேரே சார்ந்தவை: மாதமும் வயதும் கூறல் 2, கட்டளைப்படி செய்தல் 2, மொழித்திறன் 3. நாக்குழறலுக்கு மேலும் 2 உண்டு.

பெங்களூர் ஈஜிபுராவில் வங்காளம் மட்டுமே அறிந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் நோயுற்றார் எனக் கொள்வோம். கன்னடத்திலோ தமிழிலோ வினவினால் அவர் விழிப்பார். அதனை மொழியிழப்பு என எண்ணினால் புள்ளி வீணே ஏறும். மாறாக, உண்மையான மொழியிழப்பை ‘நம் மொழி அறியாதவர்’ எனக் கருதிவிடின் நோயே மறைந்துபோம். கைகால் தளராதவரிடத்து இப்பிழை பெருங்கேடாக முடியும்.

மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா?

போதாது. மூல அளவுகோலின் படங்களில் சாவியும் நாற்காலியும் யாவரும் அறிந்தவை. வலையூஞ்சலும் கையுறையும் அவ்வாறல்ல. அவற்றுக்கு ஈடாகக் குடை, படகு போன்றவற்றைக் கொள்ளலாம். வாசிக்கும் வாக்கியங்கள் குறுகியதிலிருந்து நெடியதாக வளர்கின்றன, அவ்வரிசை மாறலாகாது.

நாக்குழறலைக் காட்டும் சொற்களில் பொருளினும் ஒலியே முதன்மையானது. ‘மாமா’ என்பது வங்காளத்திலும் தாய்மாமனைக் குறித்தலின் அப்படியே நிற்கலாம். ‘டிப்-டாப்’ என்பதற்கு, துளி விழும் ஓசையைச் சுட்டும் ‘டுப்-டாப்’ பொருந்தும். வங்காளிகள் விமலாவைப் ‘பிமலா’ என்பர். அது மொழியின் இயல்பேயன்றி நோய்க்குறி அன்று.

மாதத்தை வினவினால் ‘வைசாகம்’ என வங்க மாதப் பெயரைக் கூறுவோரும் உளர். நம்மவர் ‘சித்திரை’ என்பது போன்றதே அது. இத்தகைய விடையை ஏற்பதற்கான விதியை முன்னரே வகுத்தல் வேண்டும்.

சரிபார்க்கும் முறை

இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்குவர். மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவார். வேறுபாடுகளை நிபுணர் குழு களையும். நலமுள்ள வங்காளிகளிடம் சோதித்தபின், ஒரே நோயாளிக்கு இரு பரிசோதகர் தனித்தனியே இடும் புள்ளிகள் ஒத்துவருகின்றனவா என ஆராய்வர். புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் இந்தி வடிவத்தை ஆராய்ந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டனர்.

களப் பணியாளர் கவனிக்க

1. கண்ணை மூடித் திறத்தல், கையை இறுக்கி விடுதல் ஆகியவற்றைச் செய்து காட்டுக.
2. உடன்வந்தவர் மொழிபெயர்த்தால், நோயாளியின் சொல்லைத் திருத்தாது அவ்வாறே கூறச் செய்க.
3. எழுத்தறியாதவரிடம் சொற்களைக் கூறித் திரும்பச் சொல்லச் செய்க.
4. நோயாளி இறுதியாக நலமுடனிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்க.
5. மொழிபெயர்ப்பாளருக்காக நோயாளியை அனுப்பத் தாமதித்தல் கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. மொழியறியாமையையும் மொழியிழப்பையும் குழப்பினால் விளையும் இருவகைப் பிழைகள் யாவை?
2. நாக்குழறல் சோதனையில் சொல்லின் ஒலி முதன்மை பெறுவது ஏன்?
3. உங்கள் வட்டார மக்கள் எளிதில் அறியத்தக்க ஆறு படங்களைத் தேர்ந்து காரணம் கூறுக.