சுகாதாரப் பணிக்கு நிதி சேர்ப்பது எப்படி?

பார்க்கிங்கில் வாழும் எம்மவரிடையே நீரிழிவு இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. தெற்காசிய வம்சாவழியினருக்கு இந்நோய் மற்றவர்களைவிட அதிகமாகவும் இளம் வயதிலேயும் வருகிறது. இதற்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று கோயில் மண்டபத்தில் பேசாதவர் இல்லை. பேச்சு, "காசுக்கு என்ன செய்வது?" என்ற கேள்வியில் வந்து நின்றுவிடும். அக்கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பொதுக் காரியத்துக்காக நாமும் நண்பர்களும் கடைகளில் பேணிகள் வைத்துக் காசு சேர்த்தோம். எத்தனை பேணி வைத்தோம், எதில் எவ்வளவு இருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஒருவரும் களவெடுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசியும் எம்மிடம் இருக்கவில்லை. மறுமுறை கேட்கப் போனபோது, இரவு வேலை செய்து பிழைக்கும் ஒரு பெரியவர், "தம்பி, போனமுறை தந்த காசு என்ன மாதிரி?" என்றார். கணக்கியல் படித்த எமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த முயற்சி அன்றோடு நின்றது.

1. எதற்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள்

2011 ஆம் ஆண்டு, இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து நிதி சேர்த்தார்கள். நோக்கம் ஒன்றே: தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை. அது கட்டியும் முடிக்கப்பட்டது. 2016 இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்குச் சேர்த்தார்கள். எந்த நோய், எந்த ஊர், என்ன கட்டிடம் என்று கேட்பவருக்கு ஒரே வசனத்தில் விளங்கியது. "சமூக நலனுக்காக" என்று பொதுவாகக் கேட்டால் அந்த விளக்கம் கிடைக்காது.

2. அரசு தருவதற்குக் காசு சேர்க்காதீர்கள்

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானோரில், ஏற்கெனவே நீரிழிவு, இருதய நோய் போன்றவை இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அதற்கு நாம் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் அழைப்புக் கடிதத்தை வாசிக்க முடியாத அம்மாவுக்குத் தமிழில் விளக்குவது, தனியே போக முடியாதவரை வாகனத்தில் கூட்டிச் செல்வது, எமது சாப்பாட்டுக்கு ஏற்ற உணவுத் துண்டுப்பிரசுரம் அச்சிடுவது ஆகியன எமது வேலை. இவற்றுக்கே நிதி வேண்டும். செலவுப் பட்டியலை எழுதிய பின்னரே கேட்கப் புறப்படுங்கள்.

3. கிவ்ற் எயிட்

பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனத்துக்கு வருமான வரி கட்டும் ஒருவர் 10 பவுண் கொடுத்துப் படிவத்தில் ஒப்பமிட்டால், வரித் திணைக்களத்திடமிருந்து மேலும் 2 பவுண் 50 பென்ஸ் பெறலாம். அவருக்கு மேலதிகச் செலவில்லை. படிவத்தில் அவரது பெயரும் வீட்டு விலாசமும் இருக்க வேண்டும். இங்கே எம்மவர் விடும் பிழை, வரி கட்டாத மனைவியின் அல்லது ஓய்வு பெற்ற தந்தையின் பெயரில் ஒப்பமிடுவது. கட்டிய வரி போதாவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கொடுத்தவரே செலுத்த வேண்டி வரும். அர்ச்சனைச் சீட்டுக்குக் கொடுக்கும் காசு நன்கொடை ஆகாது என்பதையும் கவனிக்கவும்.

4. உண்டியலும் கணக்கில் சேரும்

பெயர் தெரியாத சில்லறைக்கு 2013 முதல் தனித்திட்டம் உண்டு. ஒருவர் ஒருமுறை போடும் காசு 30 பவுணுக்கு மேற்படாதிருந்தால், படிவமின்றியே அதே 25 வீதத்தைக் கோரலாம். ஆண்டுக்கு 8,000 பவுண் நன்கொடை வரை, அதாவது 2,000 பவுண் வரை பெறலாம். நிபந்தனை: அதே ஆண்டில் கிவ்ற் எயிட் நன்கொடையும் இருக்க வேண்டும். அதன் பத்து மடங்குக்கு மேல் உண்டியலுக்குக் கோர முடியாது.

5. கணக்கு

காசை இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் ஒப்பமிட்டு, எடுத்துச் செலவழிக்காமல் முழுவதையும் வங்கியில் இட வேண்டும். நீரிழிவுக்கென்று கேட்ட காசை மண்டபக் கூரைக்குச் செலவிடக் கூடாது. அது நல்ல காரியமே என்றாலும் கொடுத்தவருக்குச் சொன்ன சொல் வேறு. வீதியில் சேர்ப்பதானால் முன்கூட்டியே உரிய அனுமதி பெற வேண்டும். வேலை முடிந்ததும் வரவு, செலவு, மிகுதி மூன்றையும் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

பயிற்சி

600 பவுண் வேண்டும். 20 குடும்பங்கள் 24 பவுண் வீதம் தந்தன. 12 குடும்பங்கள் வரி கட்டி ஒப்பமிட்டன. எவ்வளவு குறைகிறது?

விடை: நன்கொடை 480. கிவ்ற் எயிட், 288 இன் கால்பங்கு, 72. மொத்தம் 552. குறைவது 48. உண்டியலில் சேர்ந்த 192 பவுணுக்குக் கோரினால் அந்த 48 கிடைத்துவிடும். அதனை இப்பணிக்கு ஒதுக்கச் சபையின் தீர்மானம் மட்டுமே தேவை.

அந்தப் பெரியவரை இப்போதும் கோயிலில் காண்கிறோம். அடுத்த முறை அவரிடம் கேட்கப் போகும்போது, முதலில் கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டே கையை நீட்டுவோம்.