ஓடுகிற இன்ஜினில் ஆயில் பாருங்கள்

ஆயில் பார்ப்பது என்றால் காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி செருகிப் பார்ப்பது என்றே எல்லோரும் பழகியிருக்கிறோம். சாதாரண காருக்கு அது போதும். அதே பழக்கத்தை ஏர்-கூல்ட் போர்ஷே 911-க்கும் கொண்டு வருகிறார்களே, அங்கேதான் வினை தொடங்குகிறது. 1964 முதல் 1998 வரை வந்த அந்த வண்டிகளுக்கு விதி நேர் எதிர். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், இன்ஜின் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் அந்தக் கம்பியில் தெரிவதை நம்ப முடியாது. வண்டியோடு வரும் கையேட்டிலேயே அச்சடித்திருக்கும் சங்கதி இது. அதைப் புரட்டிப் பார்க்காத மெக்கானிக்குகள்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

காரணம் அந்த இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. சாதாரண காரில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப்பில் தங்கும். இன்ஜினை நிறுத்தினால் எல்லாம் அங்கே வடிந்துவிடும், அளக்கலாம். 911-இல் இருப்பது டிரை சம்ப். வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு பம்ப் இன்ஜினின் அடியில் விழும் ஆயிலை அவ்வப்போதே இழுத்து, வலப்புறப் பின்சக்கரத்தை ஒட்டிய தனி டேங்க்குக்கு அனுப்புகிறது. இன்னொரு பம்ப் அங்கிருந்து எடுத்து பேரிங்குகளுக்குத் தள்ளுகிறது. டிப்ஸ்டிக் இறங்குவது அந்த டேங்க்குக்குள். இன்ஜின் நின்றதும் டேங்க்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கத் தொடங்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் டிப்ஸ்டிக் காய்ந்தே வரலாம். ஆயில் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குச் சாமர்த்தியமாக ஒரு பதில் வரும்: ‘ஆறின நிலையில் எவ்வளவு காட்டுகிறது என்று ஒருமுறை குறித்துக்கொண்டால், அடுத்த முறை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாமே?’ தவறு எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அந்த யோசனை செல்லும். இங்கே அப்படி இல்லை. ஒரு ராத்திரி நின்ற வண்டியும் பத்து நாள் நின்ற வண்டியும் ஒரே அளவு காட்டாது. பம்ப் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஆயில் எவ்வளவு கெட்டி, கடைசியாக நிறுத்தியபோது எவ்வளவு சூடு என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். மாறிக்கொண்டே இருக்கும் பிழையைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்ய எந்தக் கணக்காலும் முடியாது.

ஆயில் மாற்றும் நாளில் நடக்கும் தவறுக்குத்தான் விலை அதிகம். 1984 முதல் 1989 வரை வந்த 911-இன் 3.2 கரேரா மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொள்ளளவு 13 லிட்டர். டேங்க்கையும் இன்ஜினையும் திறந்து வடித்தாலும் வெளியே வருவது சுமார் 10 லிட்டர்தான். மீதி முன்பக்க ஆயில் கூலரிலும், அதுவரை நீண்டு போகும் குழாய்களிலும் தங்கிவிடும். புத்தகத்தில் 13 என்று பார்த்து 13-ஐயும் ஊற்றுகிறவர் இருக்கிறார். 10 ஊற்றி, ஆறிய நிலையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ‘குறைகிறதே’ என்று இன்னும் இரண்டு லிட்டர் சாய்க்கிறவரும் இருக்கிறார். இருவரும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஒன்பது லிட்டரோடு நிறுத்தி, 85 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் திறந்து முன் கூலர் வரை ஆயில் சுற்றும்படி நன்றாக ஓட்டிவிட்டு, பிறகு ஐடிலிங்கில் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் முறை. அரை மணி நேரம் கூடுதலாகும். அந்த அரை மணிக்கு யாரும் பில் போட முடியாது என்பதால்தான் அது நடப்பதில்லை என்று நினைக்கிறேன்.

‘கூடுதலாக இருந்தால் என்ன, குறைந்தால்தானே இன்ஜின் போகும்?’ என்பார்கள். குறைந்தால் போகும், மறுக்கவில்லை. ஆனால் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே 1 லிட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறது. கீழ்க்கோட்டைத் தொட்ட வண்டியிலும் ஓடுவதற்குப் போதுமான ஆயில் இருக்கிறது. மேலே தாண்டினால்தான் சிக்கல். இன்ஜினிலிருந்து நுரைத்துக்கொண்டு திரும்பும் ஆயிலில் இருந்து காற்று பிரிய டேங்க்கில் காலியிடம் வேண்டும். அதை நிரப்பிவிட்டால் மிச்ச ஆயில் பிரீதர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து இன்ஜினுக்குள் போய் எரியும், பின்னால் நீலப் புகை கிளம்பும். புகையைப் பார்த்தவுடன் ‘ரிங் போச்சு, வால்வு கைடு போச்சு, இன்ஜினை இறக்க வேண்டும்’ என்ற தீர்ப்பு தயாராக இருக்கும். சிலிண்டர்கள் படுத்திருக்கும் இந்த இன்ஜின், சில நாள் நின்றபின் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு மூச்சுப் புகை விடுவது இயல்பு என்பதும் அவர்கள் கணக்கில் வராது. 1,000 கிலோமீட்டருக்கு 1.5 லிட்டர் வரை ஆயில் குடிக்கலாம் என்று போர்ஷேயின் கையேடுகளே இடம் கொடுக்கின்றன. ஊற்றியவர் கை நீண்டுவிட்டதற்கு இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது அநியாயம். அதனால் மேல்கோட்டைக் குறிவைக்காதீர்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றால் போதும்.

டேஷ்போர்டில் ஆயில் மட்டத்துக்கே தனி கேஜ் இருக்கிறதே என்றால், அதுவும் டேங்க்கில் மிதக்கும் ஒரு மிதவையை நம்பியிருப்பதுதான். வண்டி சாலையில் ஓடும்போது முள் கீழே விழுந்து கிடக்கும். அதைப் பார்த்துப் பதறி வழியில் ஆயில் வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. அதையும் சூடாக, சமதளத்தில், ஐடிலிங்கில்தான் படிக்க வேண்டும். (ஆயில் விஷயத்தில் 911 மனிதர்களைக் குழப்புவது புதிதல்ல. 1972 மாடலில் டேங்க்கைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, ஆயில் ஊற்ற வெளியே ஒரு மூடி வைத்தார்கள். அதில் பெட்ரோல் நிரப்பப்பட்ட கதைகள் கிளம்பின. அடுத்த வருடமே மூடி காணாமல் போனது.) அதற்காக, ஓடவிட்டு ஆயில் பார்க்கும் இந்த முறையை எல்லா டிரை சம்ப் வண்டிக்கும் பொது விதியாக்கிவிடாதீர்கள். 2006-இல் வந்த கார்வெட் இஸட்06-உம் டிரை சம்ப்தான். அதில் இன்ஜினைச் சூடாக்கி, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் கோடு போட்டவர் எந்த நிலையில் வைத்து அளந்தாரோ, அந்த நிலையில்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம்.

மற்றபடி வேலை சுலபம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து உங்கள் ஷெட்டின் சமதரையில் நிறுத்துங்கள். பின் மூடியைத் திறக்கும்முன் சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், நடுவில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். ஆயில் மூடியைத் திறந்ததும் சில மாடல்களில் இன்ஜின் தடுமாறும். காற்று உள்ளே போவதால் வருவது, பயப்பட வேண்டாம். துடைத்து, செருகி, எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கு மேலே நின்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, டேங்க்கின் வடிகால் போல்ட்டைத் தளர்த்தி அரை அரை லிட்டராக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சூடாக்கி, ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.