நடுங்காத கையும் தெளிவான படமும்

தைப்பூசத்திற்கு முதல்நாள் வைகறையில், ஜோர்ஜ் டவுன் பினாங்கு வீதியிலுள்ள கோவில்வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கி வெள்ளி இரதம் புறப்படும். அதைப் படம்பிடிக்காத குடும்பம் அரிது. ஆயினும் பெற்றோர் நம்மிடம் காட்டும் படங்களுள் பல, கலங்கிய நீரில் விழுந்த நிழல் போலவே இருக்கின்றன. “கேமரா மட்டம், ஐயா” என்பர். குற்றம் பெரும்பாலும் கருவியினுடையதன்று, கையினுடையது.

பொத்தானை அழுத்தியதும் கருவி சிறிது நேரம் ஒளியை ஏற்கிறது. நல்ல வெயிலில் 1/500 விநாடி போதும். வைகறையில் 1/15 விநாடிகூட வேண்டியிருக்கும். அதற்குள் கை அசைந்தால், படத்தில் ஒவ்வொரு புள்ளியும் கோடாக நீளும். 1858இல் தஞ்சைப் பெரிய கோவிலைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் காலத்திலோ, ஒரு படத்திற்குப் பல விநாடிகள் தேவைப்பட்டன. ஆகவே கருவியை முக்காலியில் நிறுத்தினர். நமக்கு நம் உடலே முக்காலியாகலாம்.

பால்மரம் வெட்டத் தெரிந்தோர்க்கு இது புதிதன்று. மணிக்கட்டை ஆட்டினால் கத்தி பட்டையைக் கடந்து மரத்தைக் காயப்படுத்தும். ஆதலால் கையைக் கட்டுப்படுத்தி உடலை நகர்த்துவர். அதே அடக்கம் இங்கும் வேண்டும். கால்களைச் சற்றே அகட்டி நிற்க. இடது உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, வில்லையை அடியிலிருந்து தாங்குக. வலக்கை பிடிக்க மட்டுமே. இரு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கண்வைத்துப் பார்க்கும் கருவியாயின் அதை நெற்றியோடு சேர்த்துக்கொள்க. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெல்ல அழுத்துக. அழுத்தியவுடன் கையை இறக்கிவிடுவதே நம் பிள்ளைகளிடம் நாம் மிகுதியாகக் காணும் பழக்கம்!

கைப்பேசியையும் இரு கைகளால் பிடித்தலே நன்று. நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பு இன்று பலவற்றில் உண்டு. ஒற்றைக் கையை நீட்டி எட்டிப் பிடிப்போருக்கு அதுவும் முழுத்துணை ஆகாது.

பத்து காவானில் தோட்டமிருந்த நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. இடித்த லயத்தையும் மறைந்த பாட்டியையும் மீண்டும் நிறுத்திப் படமெடுக்க இயலாது. எனவே இத்தகைய படத்திற்கு இருமுறை, மும்முறை அழுத்துதல் வீண்செலவன்று.

வெளிச்சம் மிகக் குறைந்த இடத்தில் தூணிலோ கதவு நிலையிலோ தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். மேசைமேல் ஓர் அரிசிப் பையை வைத்து, அதன்மீது கருவியை அமர்த்தி, 2 விநாடி தாமதப் பொத்தானைப் பயன்படுத்தினால், விரல் அழுத்தும் அசைவும் படத்தில் சேராது.