கப்பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் மருத்துவக் கப்பல்களில் தொண்டு செய்ய இடம் கிடைத்து, பெட்டி கட்டும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் தங்களைப் பற்றித்தான். தலைசுற்றல் வருமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, வீட்டு ஞாபகத்தைத் தாங்க முடியுமா என்கிறார்கள். அதெல்லாம் சில நாளில் பழகிவிடும். வார்டு நர்ஸாக அங்கே இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அந்தக் கப்பலில் உங்களைவிட நெடுந்தூரம் வந்திருப்பவர் நோயாளி. கடலையே பார்த்திராத உள்நாட்டுக் கிராமத்துப் பெண், முன்பின் தெரியாத நம்மை நம்பி, இரும்புச் சுவர்களுக்குள் வந்து தன் உடம்பை ஒப்படைக்கிறாள். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக நடந்துகொள்ள வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

1. காசுக் கணக்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். டாக்டருக்கும் சம்பளம் கிடையாது, சமையல்காரருக்கும் கிடையாது. தடுப்பூசி, காப்பீடு, பயணச் செலவு எல்லாம் நம் பொறுப்பு. கடன் தவணையையும் பெற்றோரின் மருந்துச் செலவையும் யார் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாதி மனசு ஊரில் கிடந்தால் வார்டில் கவனம் நிற்காது.

2. முதலில் அது கப்பல், பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்தக் கப்பல்களில் ஒன்றான 'குளோபல் மெர்சி' 174 மீட்டர் நீளம், 12 தளங்கள், 6 ஆபரேஷன் தியேட்டர்கள். ஒரே துறைமுகத்தில் பத்து மாதம் போலக் கட்டி நிற்பதால் கடலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அவசரகாலப் பயிற்சிக்கு மணி அடித்தால் சலிக்காமல் போய் நில்லுங்கள். இரண்டு காலிலும் மாவுக்கட்டு போட்ட குழந்தையால் ஓட முடியாது. தூக்கிக்கொண்டு வெளியேறும் வழி உங்கள் கால்களுக்குப் பழகியிருக்க வேண்டும்.

3. கேபின் சின்னது, கூட இருப்பவர்கள் பல நாட்டுக்காரர்கள். உடம்பை நனைத்ததும் குழாயை மூடுங்கள், சோப்புப் போட்ட பிறகு திறந்து அலசுங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் குளியல் முடிய வேண்டும். பகலில் திரைக்குப் பின்னால் நைட் டியூட்டி முடித்த நர்ஸ் தூங்கிக்கொண்டிருப்பார். உங்கள் போன் சத்தத்தில் கெட்ட தூக்கம், அன்று இரவு ஒரு நோயாளிக்கு மருந்து அளக்கும் கையைத் தடுமாற வைக்கும்.

4. எந்த வேலையையும் கீழாக எண்ணாதீர்கள். இன்ஜின் அறையில் மின்சாரம் நின்றால் தியேட்டர் விளக்கும் நிற்கும். சலவைக்காரர் துணி அனுப்பாவிட்டால் காலை ஆபரேஷன் தொடங்காது. பாத்திரம் கழுவும் இடத்தில் உங்களைப் போட்டாலும் அந்தப் பெண்ணின் சிகிச்சையில் உங்களுக்குப் பங்கு உண்டு.

5. முகத்தைப் பாருங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தாடையில் வளரும் அமெலோபிளாஸ்டோமா புற்றுநோய் அல்ல. ஆனால் அறுத்தெடுக்க ஆள் இல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே போய், சாப்பிட விடாமல், கடைசியில் மூச்சையே அடைத்துவிடும். நம் ஊரில் ஆரம்பத்திலேயே எடுத்துவிடும் கட்டி, கப்பல் போகும் நாடுகளில் தலையளவு வளர்ந்து வந்து நிற்கும். வித்தியாசம் நோயில் இல்லை, அறுவை மருத்துவர் கிடைப்பதில்தான். பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று 2015-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் ஒருவர், வருஷக்கணக்கில் துணியால் முகத்தை மூடி, சந்தைக்கும் போகாமல் இருந்துவிட்டு உங்கள் முன் துணியை விலக்குகிறார். கண் அந்தக் கட்டிக்குத்தான் போகும். அவர் கண்களுக்குக் கொண்டுவாருங்கள். பெயரைக் கேளுங்கள், கையைப் பிடியுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். கத்தி படுவதற்கு முன்பே சிகிச்சை அங்கே தொடங்கிவிடுகிறது.

6. "முடியாது" என்று சொல்லப்பட்டவர்களோடும் இருங்கள். முற்றிய புற்றுநோய்க்குக் கப்பலில் வழி இருக்காது. எத்தனையோ மைல் நடந்து வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். "பார்க்கலாம்" என்று பொய் நம்பிக்கை தராதீர்கள், விறுவிறுவென்று அடுத்தவரிடம் போய்விடவும் வேண்டாம். அவர் எழுந்து போகும்வரை கூட உட்காருங்கள்.

7. உள்ளூர் ஆட்களிடம் பணிவாக இருங்கள். உதாரணமாக, கப்பல் போய் நின்ற சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கிரியோ, டெம்னே, மெண்டே மொழிகளில் நமக்காகப் பேசுபவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள். நோயாளி எதற்குப் பயப்படுகிறார், எதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மொழிபெயர்த்தாலும் நீங்கள் நோயாளியைப் பார்த்தே பேசுங்கள்.

8. இரத்தம் கொடுக்கத் தயாராக இருங்கள். கப்பலின் இரத்த வங்கி அங்கே வேலை செய்பவர்களின் உடம்பில்தான் ஓடுகிறது. இரத்த வகையைப் பரிசோதித்துப் பதிந்துவைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கூப்பிடுவார்கள். அதற்கு உடம்பு தயாராக இருக்க, மலேரியா மாத்திரையைத் தவறவிடாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

9. நோயாளியைப் போனில் படம் எடுக்காதீர்கள். மறைத்து மறைத்து வாழ்ந்த முகத்தை ஊருக்கெல்லாம் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

10. தெரிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சில மாதத்துக்கென்று 1980-களில் வந்த முக அறுவை மருத்துவர் கேரி பார்க்கர் முப்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். எல்லோராலும் அப்படி முடியாது. கப்பலும் ஒருநாள் அடுத்த துறைமுகத்துக்குப் போகும். அதனால் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது உள்ளூர் நர்ஸைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அவரைச் செய்யச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கைக்கு அது வந்துவிட்டால், அடுத்த முறை அந்தக் கிராமத்துப் பெண் இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்காது. அதற்காக உழையுங்கள். போய் வாருங்கள்.