பாதாளச் சாக்கடையும் பாதுகாப்புப் பாடமும்

அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு எதுவெனக் கேட்டால், வேதியியல் பயின்றோர் எவரும் ‘ஹைடிரஜன் சல்பைடு’ என்று விடை கூறுவர். உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் நான் கிப் கருவியைத் தொடுமுன்னரே, “சன்னலைத் திற, வாயுவை முகராதே” என்று ஆசிரியர் எச்சரித்தார். எனக்குக் கிடைத்த அந்த எச்சரிக்கை, இதே வாயுவோடு பழகும் சாக்கடைத் தொழிலாளருக்கும் கிடைக்க வேண்டுமன்றோ?

2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இப் பெங்களூரின் சி. வி. இராமன் நகர்ப் பகுதியில், பாதாளச் சாக்கடைக் குழியில் மூவர் மாண்டனர். இறங்கியவர் மயங்கினார், காப்பாற்றச் சென்றவர்களும் மீளவில்லை. அறிவியல் மேதையின் பெயர் தாங்கிய பகுதியிலே அறிவியல் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.

தேங்கிய கழிவுநீரில் பிராணவாயு தீர்ந்ததும், சில நுண்ணுயிர்கள் சல்பேட்டுகளைச் சிதைத்து இவ்வாயுவை உண்டாக்குகின்றன. காற்றைவிடச் சற்றுக் கனமானதால் அது குழியின் அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் திடீரென வெளிப்படும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கு கலந்தாலே மோப்பத் திறன் மரத்துவிடும். நாற்றம் நின்றதால் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவது தவறு. அளவு 700 முதல் 1000 பங்கை எட்டினால், சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

ஆகவே முதல் விதி, இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு மனிதரை இறக்கலாகாது என்பது. தற்காப்பு ஏற்பாடுகளின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இறங்கியே தீரவேண்டின், அடுத்தடுத்த மூடிகளைத் திறந்து விசிறியால் காற்றைச் செலுத்த வேண்டும். வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் இறக்கி, மேல், நடு, அடி என மூன்றிடத்தும் அளக்க வேண்டும். பிராணவாயு 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இறங்கலாகாது. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். மூக்கில் கட்டிய துணி வாயுவைத் தடுக்காது. நற்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வேண்டும். உடலில் வார்க்கச்சை, மேலே முக்காலியும் கயிற்று உருளையும், கண் அகலாத காவலர் ஒருவரும் வேண்டும்.

இறுதி விதியே தலையாயது. மயங்கியவரை மேலிருந்து இழுக்க வேண்டும்; பின்னால் குதிக்கலாகாது. இத்தகைய அடைபட்ட இடங்களில் மாண்டோருள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது.

சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. அத்தொகை போன உயிரை மீட்குமா? பயிற்சியே உயிர் காக்கும். அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பது பயிற்சியாகாது. வறண்ட குழியொன்றில், தொழிலாளர் பேசும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும், கைபழகும் வரை செய்து காட்ட வேண்டும்.

நண்பர்களே, தமிழ்ப் பாடத்தை எழுதித் தரும் பணியை நம் சங்கம் ஏற்கலாகாதா? கிப் கருவியருகே நாம் கேட்ட எச்சரிக்கை, குழியருகே நிற்போர் செவியையும் எட்டட்டும்.